அணை உடைந்த மதியம்

அணை உடைந்துவிட்டது என்று
பன்னிரண்டு நாற்பதுக்குத் தொலைக்காட்சி சொன்னபோது
நான் அணையின்மேல்தான் இருந்தேன்.
சரியாகச் சொன்னால், மேலே கட்டிய காவலறையில்,
நனைந்த காலுறைகள் காயும் ஹீட்டர் பக்கத்தில்,
வெறுங்காலோடு,
கையில் பாதி கடித்த பானித்சா ரொட்டி.

சன்னலைத் திறந்து பார்த்தேன்.
பதினெட்டு வருடமாய்ப் பார்க்கிற அதே சுவர்.
மூன்று நாள் மழையில் நீர் ஏறியிருந்தது, உண்மை.
சிவப்புக் கோட்டுக்கு இன்னும் நாலரை மீட்டர் பாக்கி.
மதகோரம் ஒரு நாமக்கோழி
தன்பாட்டுக்கு முங்கி எழுந்துகொண்டிருந்தது.

திரையில் ஓர் அணை உடைந்தது.
எங்களுடையது இல்லை.
ரோடோபே மலையில் ஏது பனைமரம்?
எந்த நாட்டிலோ எப்போதோ உடைந்த எதுவோ.
அதன் அடியில் எங்கள் ஊர்ப்பெயர்,
இரண்டு எழுத்துப் பிழையோடு,
சிவப்புப் பட்டையில்
வெள்ளத்தைவிட வேகமாய் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு தலையசைப்பில் தொடங்கியது,
பிறகுதான் தெரிந்தது.
வெளிநாட்டுச் சேனல் வண்டி ஒன்று
டீசல் போட நின்றிருக்கிறது.
"அணை உடைந்துவிட்டதா?"
டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஸ்பாஸைக் கேட்டிருக்கிறார்கள்.
வாயில் சிகரெட்.
தலையை மேலும் கீழும் ஆட்டியிருக்கிறான் அவன்.
பல்கேரியாவில் அதற்கு இல்லை என்று பொருள்.
பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆமாம்.
நடக்கத் தொடங்காத பிள்ளைக்கும் தெரியும் இங்கே.

"நேரில் கண்டவர் உறுதி" என்றது முதல் சேனல்.
அதைப் பார்த்து எங்கள் தலைநகரத்துச் சேனல்கள்
கண் வைத்தன, காது வைத்தன, மூக்கும் வைத்தன.
ஒரு மணிக்கு நாற்பது பேரைக் காணோம்.
ஒன்றே காலுக்கு நானூறு.
குளிர்காலத்தில் எங்கள் ஊரில் இருப்பதே
முந்நூற்றுப் பதினொரு பேர்.

போன் செய்தேன்.
"அணைக்காவலன் வெலிச்கோ பேசுகிறேன்."
"எந்த அணை?"
என்ன சொல்ல?
"உடைந்த அணை" என்றேன்.
காத்திருக்கச் சொன்னார்கள்.
பதினோரு நிமிடம் ஒரு வயலின் வாசித்தது,
பிறகு அதுவும் அறுந்தது.
பட்டையில் புது வரி:
அணையுடன் தொடர்பு துண்டிப்பு.
அன்றைக்கு அவர்கள் சொன்ன ஒரே உண்மை.

சன்னல் வழியே மேட்டுச் சாலை தெரிகிறது.
மெத்தையோடு ஒருவன், ஆட்டுக்குட்டியோடு ஒருவன்.
அடுப்பை அணைக்காமல்
அணைக்குப் பயந்து
வீட்டுச் செருப்போடு ஓடுகிறாள் என் ருமியானா.

ஆபத்து என்று அலற எனக்குச் சங்கு உண்டு.
மாதம் ஒருமுறை ஊதிப் பார்க்கிறேன்.
ஆபத்தில்லை என்று சொல்ல
ஓர் ஓசையும் தரவில்லை அரசாங்கம்.
சுவர்மேல் ஏறி நின்று
இரண்டு கையையும் வீசினேன்.
மேட்டிலிருந்தவர்கள் என்னைப் பார்த்து
சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

தோட்டச் சுவரைத் தாண்டிக் குதித்ததில்
தபால்காரர் கிராசிமிருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.
அன்று உடைந்தது அது ஒன்றுதான்.
அது எந்தப் பட்டையிலும் ஓடவில்லை.

நான்கு மணிக்கு அணை காப்பாற்றப்பட்டது.
உடையவே இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை;
காப்பாற்றப்பட்டது.
யார் காப்பாற்றியது என்று
நாலு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

விலைச்சீட்டு கிழிக்காத ரப்பர் பூட்சில்
மைக்கோடு ஒரு பெண் வந்தாள், அதே வெளிநாட்டுச் சேனல்.
"அந்த நொடியில் பயந்தீர்களா?"
மொழிபெயர்ப்பாளன் என் முகத்தையே பார்த்தான்.
கேமராவும்.
எந்தப் பக்கம் ஆட்டினாலும் வம்பு.
கழுத்தை இறுக்கிக்கொண்டு
மரம் மாதிரி நின்றேன்.

இரவுச் செய்தியில் என்னைக் காட்டினார்கள்.
அதிர்ச்சியில் உறைந்த காவலர்.

கருகிப்போன சட்டியைச் சுரண்டியபடி
நிமிர்ந்து பார்த்தாள் ருமியானா.
"காலுறையாவது போட்டிருக்கலாம்" என்றாள்.